தருமண்ணனின் ஆழ்கடல் விலாங்கு

காலை பத்து நாற்பதுக்குத் தகவல் வந்தது. கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் ஆதிலட்சுமி பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். போனில் கவிநிலா, "மேடம், அப்பா போயிட்டாருங்க. விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு..." என்றாள்.

கவிநிலாவின் அப்பா தருமன்தான் ஆய்வக உதவியாளர். அடி அண்ணாமலையிலிருந்து இருபத்தாறு வருஷம் சைக்கிளில் வந்து, கண் எரிய எரிய ஜாடிகளுக்கு ஃபார்மலின் மாற்றியவர். எல்லா ஜாடிகளிலும் அவருக்குச் செல்லம் ஆழ்கடல் விலாங்குதான். கரிய உடம்பு, நூல் மாதிரி வால், தலையை மீறிய வாய். கடலூரில் விசைப்படகில் போகும் பழைய மாணவன் முருகவேல் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தது.

மாணவிகள் அதைப் பாம்பு என்பார்கள்.

"பாம்புக்கு ஏதும்மா செவுளு? மீனு இது. வெயிலே பாக்காத மீனு."

"நீங்க எறங்கிப் பாத்தீங்களாண்ணா?"

"நான் மலைய சுத்துறவன். கொளத்துலயே முழங்காலுக்கு மேல போனதில்ல!"

ஆதிலட்சுமியிடம் மட்டும் ஒன்றையே கேட்பார். "நம்ம மலையத் தலகீழா கடல்ல கவுத்தா, உச்சி இது இருந்த எடத்துக்கு எட்டுமா மேடம்?"

வலை இறங்கிய ஆழம் முருகவேலுக்குத் தெரியும். கேட்டுச் சொல்வதாக அவள் சொல்லி மூன்று வாரம் ஆகிவிட்டது. துறை புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. உள்ளே விவரச் சீட்டு முழுசாக எழுதாத ஜாடிகளை நாளைக் காலை புதைத்துவிடச் சொல்லி உத்தரவு.

சாவு வீட்டில் தருமனின் மனைவி ராஜம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்துகூடக் கேட்டாருங்க, மேடம் போன் போட்டாங்களான்னு."

ஆதிலட்சுமியால் அங்கே உட்கார முடியவில்லை. தெருமுனையில் நின்று முருகவேலைக் கூப்பிட்டாள். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. செங்கம் சாலையில் ஸ்கூட்டரை ஓரங்கட்டி மறுபடியும். ஆய்வகப் படியில் மறுபடியும். கடைசியில் அவன் வீட்டு எண்ணில் தம்பி எடுத்தான். "அண்ணன் கடலுக்குப் போயிருக்குங்க. சனிக்கிழமதான் வரும்."

இன்று வியாழன்.

ஜாடியைத் திறந்து சீட்டை இடுக்கியால் எடுத்தாள். பென்சில் எடுத்தாள். பேனா மை கரைந்துவிடும் என்று தருமன் பென்சிலில்தான் எழுதுவார். ஏதாவது ஓர் எண் போட்டால் ஜாடி தப்பிவிடும், யாரும் கேட்கப்போவதில்லை. பென்சில் முனை தாளைத் தொட்டது. உத்தேசமாக ஒரு பதில் போதுமென்றால் அவர் தன்னிடம் கேட்டிருக்கவே மாட்டார்.

சீட்டை உள்ளே விட்டு, மூடியை இறுக்கி, துப்பட்டாவில் சுற்றி ஜாடியை வீட்டுக்கே கொண்டுபோனாள்.

சீட்டில் பெயர், இடம், தேதி, எல்லாம் தருமனின் உருண்டைக் கையெழுத்தில் இருக்கின்றன. 'ஆழம்' என்பதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.