அண்ணனுக்காக நாங்கள் வேண்டிக்கொண்டவை

நீர்மலைப் பெருமாளை வணங்கி, முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பம்மலில். அப்பா சீக்கிரமே காலமானதால் படிப்பை நிறுத்திவிட்டு, திருமுடிவாக்கம் லேத் பட்டறைக்கு வேலைக்குப் போனார். எனக்குக் கல்யாணம் செய்து வைத்த பிறகே அவர் மணம் முடித்தார். மீசை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கர்வம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தால் மறுநாளே வீடு திரும்பலாம் என்றார்கள். வைக்கும்போது அது நழுவி, இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. உடனே நெஞ்சைத் திறந்து அதை எடுக்க வேண்டும், காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து பைபாஸ் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், அண்ணி அழத் தொடங்கிவிட்டார்.

ஸ்ட்ரெச்சரில் போகும்போதும் அண்ணன், "இன்னாத்துக்கு அழுவுறே? மெஷின்ல டூல் சிக்கிக்கினா நாங்களும் தொறந்துதான் எடுப்போம்" என்றார்.

கதவு மூடியது. அண்ணி ஒரு மூலையில், நான் ஒரு மூலையில் கைகூப்பி நின்றோம். பெருமாள் கைவிடவில்லை.

வார்டுக்கு வந்த பிறகு அண்ணி மெதுவாகச் சொன்னார்: "உங்க மீசையோட முடி குடுக்கறதா வேண்டிக்கினேங்க."

"நீ நடந்தே மலை ஏறுவேன்னு நான் வேண்டிக்கினேண்ணா" என்றேன்.

அண்ணன் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "மீசையும் என்னுது, காலும் என்னுது. நீங்க ரெண்டு பேரும் பெருமாளுக்கு இன்னா குடுத்தீங்க?"

தையல் வலிக்காமல் இருக்கத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார். நர்ஸ் வந்து எங்களை வெளியே அனுப்பினார்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, உட்கார்ந்து உட்கார்ந்து திருநீர்மலை ஏறினார். மீசை இல்லாத முகத்தைப் பார்த்து அண்ணி வெட்கப்பட்டார். "யாருப்பா இது, புது மாப்பிள்ளையா?" என்று பட்டறைக்காரர்கள் கேலி செய்தார்கள்.

அதன் பிறகு மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார், பேரனைத் தோளில் சுமந்தார். சென்ற ஆண்டு காய்ச்சலில் படுத்தவர், துளசித் தீர்த்தம் வாங்கிக்கொண்டு, தூங்குவதுபோல் பெருமாளடி சேர்ந்தார்.

அன்று வேலை உடுப்போடு ஓடிவந்து ரத்தம் கொடுத்த பட்டறைத் தோழர்களே, ஆபரேஷன் செய்த டாக்டர்களே, பத்தியச் சாப்பாடு சுமந்து வந்த தெருக்காரர்களே, உங்களால்தான் அண்ணன் எங்களுக்கு இன்னொரு முறை கிடைத்தார். வரும் சனிக்கிழமை குடும்பத்தோடு மலைக்குப் போகிறோம், நீங்களும் வாருங்கள். கேட்பதற்கு ஒன்றுமில்லை. கேட்டதைக் கொடுத்தவரைப் பார்த்துவிட்டு வருவோம்.