குதிரையோடு டூ விட்ட கதை

எங்கள் மாமாவின் குதிரை மாதிரி சாதுவான குதிரை அரூர் தாலுகாவிலேயே கிடையாது என்று மாமாதான் சொல்வார். மற்றவர்கள் நம்பவேண்டுமே, அதற்கு நான் இருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே குதிரை வண்டிகள் நிற்கும் இடத்தில், சேலம் பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கும் நேரம் பார்த்து எனக்குக் கண் காட்டுவார். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்கள் குதிரை செவலையின் வயிற்றுக்கடியில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருவேன். அது வாலைக்கூட அசைக்காது. பிள்ளைகுட்டிக்காரர்கள் பயம் தெளிந்து எங்கள் வண்டியில்தான் ஏறுவார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. செவலைக்கு என்மேல் கொள்ளைப் பிரியம் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அந்தக் கோடையில் மெட்ராஸிலிருந்து ஓர் ஆராய்ச்சி டாக்டரம்மா வந்தார். நாய், பூனை, குதிரை என்று மனிதரோடு கூடவே இருக்கும் பிராணிகள் எப்படி வாழ்கின்றன என்று பார்ப்பதுதான் அவர் வேலையாம். எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஊசியைக் குத்திவிட்டு சைக்கிள் ஏறிவிடுவார். இந்தம்மாவோ காலையிலிருந்து நின்ற இடத்தில் நின்று, குதிரைகளின் காதையும் கண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு நேரம் பார்ப்பதில்லை என்று வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். மாமா விடுவாரா? எனக்குக் கண் காட்டினார். நானும் நுழைந்து வந்தேன்.

டாக்டரம்மா கை தட்டவில்லை. சேணத்தைக் கொஞ்சம் கழற்றச் சொன்னார். அடியில் சாக்குத்துணி, அதற்கும் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் அப்பிய புண். ஈ வந்து உட்கார்ந்தது. செவலை தோலைக்கூடச் சிலிர்க்கவில்லை. மாமா ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. குதிரைக்குக் கொள்ளு வைக்காமல் தான் சாப்பிட உட்காரமாட்டார். மஞ்சள் வைத்ததும் அவர்தான். அது பேசாமல் நின்றதால் வலி போய்விட்டது என்று இருந்துவிட்டார்.

"இது சாது இல்லைங்க. உதறிப் பாத்திருக்கும், உதைச்சுப் பாத்திருக்கும். யாரும் கேக்கலைன்னு விட்டுடுச்சு," என்றார் டாக்டரம்மா. புண் ஆறும்வரை வண்டியில் பூட்டக்கூடாது, ஆறிய பிறகும் அந்த இடம் உரசாதபடி நடுவில் பள்ளம் விட்டு ஒரு மெத்தை தைத்துப் போடவேண்டும் என்றார்.

மாமாவுக்கு முகம் செத்துப்போயிற்று. வண்டி ஓடாவிட்டால் அடுப்பு எரியாது. படித்தவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள் என்று வீடு வரைக்கும் பொருமிக்கொண்டே வந்தார். அத்தை தன் பழைய சேலையைக் கிழித்து, இலவம்பஞ்சு திணித்துத் தைக்க உட்கார்ந்தாள். தைத்து முடித்தபின் ஒன்றுதான் சொன்னாள்.

"புண்ணு மேல வண்டிய ஏத்திச் சம்பாரிச்ச சோறு எனக்கு வேணாங்க."

மறுநாள் மாமா மண்டிக்கு மூட்டை தூக்கப் போனார்.

செவலை வீட்டுக்குப் பின்னால் சும்மா நின்றது. புண் மெல்ல வற்றியது. ஈயை விரட்ட வாலை வீசத் தொடங்கியது. பள்ளிக்கூடம் திறந்ததும் கூட்டாளிகளை அழைத்து வந்து, பாவாடையைச் செருகிக்கொண்டு குனிந்தேன். செவலை திரும்பி என்னைப் பார்த்தது. காதைப் பின்னால் மடித்தது. நான் தலையை நீட்டியதுதான் தாமதம், பின்னங்கால் வந்து தொடையில் பட்டது. எலும்பு தப்பியது, மானம் தப்பவில்லை. நான் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. வலியைவிட, என்மேல் இருந்த பிரியம் போய்விட்டதே என்றுதான் அழுதேன். அன்றைக்கே செவலையோடு டூ விட்டேன்.

டாக்டரம்மா மறுபடி வந்தபோது மாமா பிடித்துக்கொண்டார். "நல்லா இருந்த குதிரையக் கெடுத்து வுட்டீங்களே. புள்ளய ஒதைக்குதுங்க."

"உதைச்சுதா?" என்று கேட்டபோது அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் வெகுநாள் மன்னிக்கவில்லை. என் தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேரே செவலையிடம் போனார். அது அவர் கையை முகர்ந்து, பிடிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டது. அதற்கும் சந்தோஷப்பட்டார். குழந்தை உதைபட்டதற்குச் சிரிக்கிற இவளெல்லாம் ஒரு டாக்டரா என்று அத்தையின் முந்தானைக்குப் பின்னால் நின்று கறுவினேன்.

அத்தை தைத்த மெத்தையைப் போட்டு மாமா மறுபடி வண்டி பூட்டினார். என் டூ அரைப்பரீட்சை வரை நீடித்தது. அதன் வயிற்றுக்கடியில் எத்தனையோ தடவை நுழைந்திருக்கிறேன், ஒருதடவைகூடச் செவலை என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. உதைத்த அன்றுதான் பார்த்தது. அது எனக்கு அப்போது தெரியவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.