மூலை வெட்டிய கடவுச்சீட்டு

என் பொலித்தீன் பைக்குள் மூலை வெட்டிய பழைய கடவுச்சீட்டு ஒன்று இருக்கிறது. என்னுடையதல்ல, மாமா மகளான என் மச்சாளுடையது. யுத்த காலத்தில் நாங்கள் கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரே அறையில் இருந்தோம். இருவருக்கும் ஒரே வயது. எட்டாம் வகுப்போடு நின்ற நான் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போய் வந்தேன். அவள் இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

எந்த நேரமும் பொலிசார் சோதனைக்கு வருவார்கள் என்ற பயத்தில், பின்னேரமானால் அடையாள அட்டைகள், பொலிஸ் பதிவுத் துண்டு, அவளுடைய கடவுச்சீட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து வைப்பேன். "என்னடி, பாத்து முடிஞ்சுதே? பொலிசுக்கே நீதான் பாடம் எடுக்கோணும்" என்று மச்சாள் சிரிப்பாள். அப்படிப் பார்க்கும்போதுதான் கண்டேன். செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிறது. நவம்பரில் கடவுச்சீட்டு முடிகிறது. இவ்வளவு குறைந்த காலம் இருந்தால் விசா கிடைக்காது என்று கடைக்கு வருகிறவர்கள் கதைத்துக் கேட்டிருக்கிறேன். தடித்தடிப் புத்தகமெல்லாம் வாசிக்கிறவள் அந்தத் திகதியைப் பார்க்கவில்லை.

நான் சொல்லவில்லை. நான்கு நாள் அதைக் குப்புற வைத்துவிட்டுப் படுத்தேன். இந்த அறையும் கடையும் எனக்கு, இங்கிலாந்து அவளுக்கா என்று வயிறு எரிந்தது. ஐந்தாம் நாள் சொன்னேன், மனம் இளகியல்ல. தினமும் பார்த்து வைக்கிறவள் நான். கவனிக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

மச்சாள் கட்டிப்பிடித்து அழுதாள். "உன்ர பயந்தானடி என்னைக் காப்பாத்தினது." புதியது எடுக்கக் கடைக்கு லீவு போட்டு, விடியவே போய் அவளுக்கு வரிசையில் இடம் பிடித்ததும் நான்தான். பழையதை இனிச் செல்லாதென்று மூலை வெட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். பயணத்தன்று அதை என்னிடம் நீட்டினாள். "நீ வைச்சிரு. நீ ஒண்டையும் துலைக்கமாட்டாய்."

போன வருடம் மகளோடு வந்திருந்தாள். "இந்த மாமி இல்லாட்டி நான் போயிருக்கவே மாட்டன்" என்று மகளுக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எங்கயடி அந்தப் பழைய பாஸ்போட்? பிள்ளைக்குக் காட்டுவம்."

அதையும் தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "துலைஞ்சு போச்சு" என்றேன்.

"நீயோ? நான் நம்பமாட்டன்." அவள் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு தேநீரைக் கையில் எடுத்தாள்.

அவர்கள் போனபின் பையைத் திறந்தேன். கடவுச்சீட்டு குப்புறக் கிடந்தது. நிமிர்த்தாமலே பையை மூடினேன்.