எழுதப் படிக்கத் தெரியாத அக்கா

ஆஸ்பத்திரியில் பழைய நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். வாய் அப்படி. எந்தப் புத்தகம் சக்கைப்போடு போட்டாலும் வாங்கிப் படித்துவிட்டு, வீணாய்ப்போன கோப்பு அட்டையின் பின்புறம் தன் கருத்தை எழுதி, நர்சுகள் சாப்பிடும் அறைச் சுவரில் குத்திவைப்பாள்.

'இருநூறு பக்கம் மழையில் நனைகிறார்கள். ஒரு குடை வாங்கியிருந்தால் நமக்குத் தலைவலி மிச்சம்.'

'கொலைகாரன் யாரென்று நாற்பதாம் பக்கத்திலேயே நமக்குத் தெரிகிறது. துப்பறிகிற மகராசனுக்குத்தான் தெரியவில்லை.'

'முன்னேற நூறு வழி சொல்கிறார். நூறும் படித்தேன். அதே நாற்காலியில்தான் இருக்கிறேன்.'

அந்த அட்டையைப் பார்க்காமல் அங்கே ஒருத்தியும் புத்தகம் வாங்கமாட்டாள். கத்தரிக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான். அதையாவது அவள் தம்பி விட்டுவைத்திருக்கலாம்.

அவன் எழுத்தாளன். அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வளர்த்து ஆளாக்கினாள். அவன் எதை எழுதினாலும் முதலில் அவளிடம்தான் வரும். பென்சிலால் அடித்துத் தள்ளுவாள், முணுமுணுத்துக்கொண்டே திருத்துவான். இந்த நாவலை மட்டும் காட்டவில்லை. "அச்சுலயே பாருக்கா" என்றான்.

பார்த்தாள். தம்பியை வளர்க்கும் அக்கா, அம்மாவின் சாவு, ஆஸ்பத்திரி வேலை, எல்லாம் அப்படியே. ஒன்றுதான் வேறு. நாவலின் அக்கா கோப்பு அறையைப் பெருக்குகிறவள். எழுதப் படிக்கத் தெரியாதவள். தம்பியின் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

உடனே போனை எடுத்தாள். "ஏன்டா, நான் படிச்சவள்னு எழுதினா உன் கை வெந்துடுமா?"

"கதைக்காகக்கா. படிச்ச அக்கான்னா யாரு அழுவாங்க? இப்ப ஊரே அழுவுது, தெரியுமா?"

"அடப்பாவி" என்றாள். போனை வைத்தாள்.

"தம்பி புத்தகத்துக்கு மட்டும் வாய்ப்பூட்டா அக்கா?" என்று நர்சுகள் சீண்டினார்கள். நாலு அட்டை எழுதி நாலையும் கிழித்தாள். மல்லாந்து படுத்துத் துப்பினால் தன் முகத்தில்தானே விழும்!

பிறகு அந்த நாவலுக்கு ஒரு வாசகர் கூட்டம் ஏற்பாடானது. "கதையில வர்ற அக்காவைப் பாக்கணும்னு கேக்கறாங்க. மேடையில சும்மா உக்காந்தா போதும்க்கா" என்று கெஞ்சினான். வளர்த்த பாசம், போய்த் தொலைத்தாள்.

கையெழுத்து வாங்க வரிசையில் வந்த ஒரு பெண், கண்ணெல்லாம் சிவந்து, புத்தகத்தோடு ஒரு மைப்பெட்டியையும் நீட்டினாள். "ஒரு கைநாட்டு வைங்கம்மா. பொக்கிஷமா வச்சுக்குவேன்."

கத்தரி தம்பியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை அவன் சொன்னால் போதும். அவனோ மைக் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தான். மைப்பெட்டியைத் தள்ளிவிட்டு, அவன் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி, முதல் பக்கத்தில் எழுதினாள்: 'அக்கா பாத்திரம் சுத்தப் பொய். எழுதியவனுக்கு அவளைத் தெரியவே தெரியாது.' கீழே கையெழுத்தும் போட்டாள்.

அந்தப் பெண் அதைப் படிக்கவில்லை. பேனா ஓடியதைத்தான் பார்த்தாள். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்: "ஐயோ, பாருங்களேன்! தம்பி எழுதக் கத்துக்குடுத்துட்டாரு!"

தம்பி மைக்கைக் கையில் எடுத்தான். "ஆமாங்க. இந்த வயசுலயும் தினம் ஒரு மணி நேரம் எங்கிட்ட உக்காந்து கத்துக்கிறாங்க."

கூடமே எழுந்து நின்று கைதட்டியது.