கம்ப்ரஸர் அறையில் சாக்ஸபோன்

1. கம்பெனியின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும்.
2. வலது காது முடிந்தது. இடது காதில் கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. காத்திருந்தேன்.
3. நர்ஸ் அக்கா கதவைத் திறந்தார். "இன்னாம்மா, தூங்கிட்டியா? அஞ்சு தபா விட்டேன், அமுக்கவே இல்ல."
4. இயர்பிளக் போடுகிறாயா என்று கேட்டார். எப்போதும் என்றேன்.

நான்காவது பாதிப் பொய். இரும்புத் தகடுகளை அடித்து வடிவமாக்கும் பிரஸ் லைனில் ஷிப்ட் முழுக்கப் போடுவேன். ஷிப்ட் முடிந்ததும் கழற்றிவிடுவேன்.

கல்லூரியில் மெக்கானிக்கலோடு சேர்த்துக் கற்றது சாக்ஸபோன். மூன்று வருடமாகச் சனிக்கிழமை மாலைகளில், ஒரகடம் பக்கம் வெளிநாட்டு மேனேஜர்கள் தங்கும் ஹோட்டலில் ஜாஸ் வாசிக்கிறோம்: பியானோ, டிரம்ஸ், நான். ஒருநாள் வேலையை விட்டு முழுநேரமும் வாசிப்பது என் திட்டம். நான் தங்கும் சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலில் ஊதினால், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் பெண்கள் கதவைத் தட்டுவார்கள். அதனால் ஷிப்ட் முடிந்ததும், ஓவர்டைம் ஆட்களின் பஸ் கிளம்பும்வரை கம்பெனியின் கம்ப்ரஸர் அறையில் ஊதினேன். அங்கே யாருக்கும் தொந்தரவில்லை. என் சத்தம் எனக்குக் கேட்க வேண்டுமே என்று இயர்பிளக்கை எடுத்துவிட்டு, மெஷினை மீறி ஊதினேன். மெயின்டெனன்ஸ் அண்ணன் சிரிப்பார்: "நீ கத்துறியா, அது கத்துதான்னே தெரில. ரெண்டுக்கும் ஆயில் மாத்தணும்."

பரிசோதனைக்குப் பிறகு வந்த சனிக்கிழமை, முதல்முறையாக மேடையில் பயந்தேன். ஜாஸில் பக்கத்திலிருப்பவர் வாசிப்பதற்குத்தான் பதில் வாசிக்கிறோம். பியானோக்காரர் என் இடப்பக்கம். அவர் உச்ச ஸ்வரங்களுக்குப் போனபோது, சத்தம் துணி போட்டு மூடியதுபோல் மங்கலாக வந்தது. முன்பும் இப்படித்தான் இருந்ததா? தெரியவில்லை. அவர் முடிப்பதற்குள் இரண்டு முறை நுழைந்துவிட்டேன்.

இடைவேளையில் கேட்டார்: "இன்னா மேடம், என்ன முடிக்கவே வுட மாட்ற? கோவமா?"

சாக்ஸபோன் வாயிலிருக்கும் ரீடை மாற்றுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை நர்ஸ் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"மிஷினாண்ட காதத் தொறந்து வெச்சிகினு ஊதுனியா? படிச்ச பொண்ணுதானே நீ!" என்று திட்டிக்கொண்டே காது டாக்டருக்குச் சீட்டு எழுதினார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர்.

கம்ப்ரஸர் அறைக்கு இப்போது போவதில்லை. பயிற்சிக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. பியானோக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். பியானோவை என் வலப்பக்கம் மாற்றியிருக்கிறோம். டாக்டரிடம் அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து. அதுவரை தினமும் காலையில் இடது காதருகே இரண்டு விரல்களைத் தேய்த்து, அந்த உரசல் கேட்கிறதா என்று பார்க்கிறேன். இன்று கேட்டது.