கியர் ஆயில் வடித்த மத்தியானம்

காலை பதினொன்றரைக்குத் திருநெல்வேலியிலிருந்து காரை எடுத்தேன். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறைத்தோழனாக இருந்த அபுபக்கர் விடியற்காலையில் இறந்துவிட்டான். பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் தேங்காய்ப்பட்டணத்தில் அடக்கம் என்று அவன் தம்பி நாசர் போனில் சொன்னான். நாலரைக்குள் போனால் முகம் பார்க்கலாம். ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர். நேரம் தாராளமாக இருந்தது.

பன்னிரண்டு ஐம்பது, ஆரல்வாய்மொழி. காற்றாலைகளுக்கு நடுவே வரும்போது மூன்றாவது கியரில் ஊளைச் சத்தம் கேட்டது. பிறகு கியர் விழவே மறுத்தது. சாலையோரப் பட்டறைக்காரர் செல்வின் அடியில் படுத்துப் பார்த்து, கியர்பாக்ஸிலிருந்து ஆயில் கசிகிறது என்றார். எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். என்ஜின் ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றுகிறவன் நான். கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் உண்டு என்பதைப் பத்து வருடமாக நினைத்ததே இல்லை. வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள் என்றார். அரைமணி நேர வேலைதானே என்று அடம்பிடித்தேன்.

ஆயில் ஊற்றும் துளையை மூடியிருந்த மேல் போல்ட்டைத் திருகினார். அசையவில்லை. துரு இளக அதில் மருந்து அடித்துவிட்டுக் காத்திருந்தார். அதற்குள் கீழே பழைய ஆயிலை வடிக்கலாமே என்றேன்.

"மேல உள்ளது எளகின பெறவுதான் கீழ தொறக்கணும் அண்ணாச்சி. இல்லேன்னா ஊத்த வழியில்லாம வண்டி இங்கனயே கெடக்கும்."

சாவு வீடு, சாவு வீடு என்று சொல்லியே அவரைத் திறக்க வைத்தேன். ஒரு லிட்டர்கூடத் தேறவில்லை. தார் மாதிரி கறுத்து, இரும்புத்தூள் மின்னியது. அதன்பின் மேல் போல்ட்டின் தலை வழுக்கிப்போனது. அதன்மேல் ஒரு நட்டை வெல்டு வைத்துத் திருப்ப வேண்டியதாயிற்று. இதோ ஐந்து நிமிடம் என்று எத்தனை பஸ்களைக் கண்ணெதிரே விட்டேன்!

கசிவையும் அடைத்துத் தந்தார்; மூன்று இருபதுக்குப் புது ஆயிலோடு கிளம்பினேன். கியர் வெண்ணெயாக விழுந்தது. அந்தச் சுகம் எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஐந்து பத்து, தேங்காய்ப்பட்டணம். பள்ளிவாசல் வாசலில் ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். நாசர் என் கையைப் பிடித்துக்கொண்டான். வண்டி பழுது என்றேன். என் அவசரத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஒங்களுக்காக்கும் கொறச்சு நேரம் முகத்த மூடாம வச்சிருந்தோம்ணே. நீங்க வந்துருவியன்னு உம்மா சொல்லிட்டே இருந்தாவ."

கபரின் ஈர மண்முன் கொஞ்ச நேரம் நின்றேன். வீட்டுக்கு வரச் சொல்லி நாசர் இரண்டு தடவை கூப்பிட்டான். அந்த உம்மாவின் முகத்தில் விழிக்கத் தைரியமில்லாமல் காரில் ஏறி ஊர் திரும்பினேன்.