சுவருக்கு ஒரு சீட்டு

பள்ளியில் எல்லோரும் அவரை ஊசி டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் டீச்சரும் இல்லை, ஊசி போடுவதும் வருடத்தில் ஒரே நாள்தான். பெரிய மருத்துவமனையில் பதினெட்டு வருடம் நர்ஸாக ஓடி முழங்கால் தேய்ந்தபின், மாடிப்படிக்குக் கீழே இருந்த இந்தச் சின்ன அறைக்கு வந்து சேர்ந்தார். ஒரு கட்டில், எடை பார்க்கும் மெஷின், கணக்குப் பாட நேரத்தில் மட்டும் வயிறு வலிக்கும் ஒரு கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் சேராதவள் மூன்றாம் வகுப்பு வாயாடி. அவளுக்கு நிஜமாகவே இருமல். மருந்து கொடுத்ததோடு, வெந்நீர் குடி, கை கழுவு என்று டீச்சர் வாய் ஓயாமல் சொன்னார். அவளும் எல்லாம் செய்தாள். இருமல் மட்டும் தன் பாட்டுக்கு இருந்தது.

ஒரு நாள் அந்த வகுப்புக்குப் போய், "உங்க உடம்பை எது கெடுக்குது? வரைங்க பார்க்கலாம்" என்று தாள் கொடுத்தார். மிட்டாயும் அழுக்குக் கையும் வரும் என்று நினைத்தார். ஒருவன் சீறிப் பாயும் லாரிகளை வரைந்து, "இதுங்களாலதான் வெளியில விளையாட விடமாட்டேங்குறாங்க" என்றான். வாயாடி தாள் முழுக்கக் கறுப்பு அப்பியிருந்தாள்.

"என்னடி இது, இருட்டா?"

"எங்க ரூம் சுவர் டீச்சர். எப்பவும் ஈரம், ஒரே பூஞ்சை. அத்தை வீட்டுக்குப் போனா எனக்கு இருமலே வராது. நீங்க எனக்கே மருந்து குடுக்குறீங்களே, சுவருக்குக் குடுங்களேன்!"

வகுப்பே சிரித்தது. டீச்சருக்குச் சுருக்கென்றது. என்ன சாப்பிட்டாய் என்று நூறு முறை கேட்டவர், எங்கே தூங்குகிறாய் என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

அன்று மாலையே போய்ச் சுவரைப் பார்த்தார். "மூணு தடவை சொல்லிட்டேன். துணியால துடைங்கன்னு சொல்லுறாரு இந்த அபார்ட்மெண்ட் மேனேஜர்" என்றாள் வாயாடியின் அம்மா. டீச்சர் பையிலிருந்து நோயாளிச் சீட்டை எடுத்தார். வாயாடி சொல்லச் சொல்ல எழுதினார். பெயர்: சுவர். வயது: முப்பது இருக்கும். தொல்லை: ஓயாத ஈரம். கீழே கையெழுத்து, பள்ளி முத்திரை. அதை நேரே மேனேஜரிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"சுவருக்கு எதுக்கும்மா சீட்டு?" என்று மேனேஜர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வந்து அது பக்கத்துல பத்து நிமிஷம் நில்லுங்க சார், சொல்றேன்."

நின்றார். ஆறாவது நிமிஷம் தும்மல் தொடங்கியது. நான்கு போட்டுவிட்டு மூக்கைப் பிடித்தபடி வெளியே ஓடினார். மறுவாரம் பிளம்பர் சுவரை உடைத்தார். உள்ளே விரிசல் விட்ட குழாய். சுவர் காய்ந்து இரண்டு மாதத்தில் இருமல் கால்வாசியாகக் குறைந்தது.

செய்தி பரவியது. அறை வாசலில் சீட்டுக்கு வரிசை. பிள்ளைகள் வரைந்து கொண்டுவந்த லாரிப் படங்களைக் கட்டாக நகராட்சிக்கு அனுப்பினார் டீச்சர். நான்கு நினைவூட்டலுக்குப் பிறகு ஒரு வேகத்தடை வந்தது. நாய்க்குட்டி வேண்டும் என்ற சீட்டை மட்டும் மறுத்துவிட்டார்.

கடைசியாக ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து நின்றாள்.

"எங்கம்மா ரெண்டு வேலைக்குப் போறாங்க. அவங்க தூங்குறதுக்கு ஒரு சீட்டு தாங்க."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை யாருக்கு அனுப்புறதுன்னு எனக்குத் தெரியலையேம்மா."

"அம்மாவுக்குத்தான். நான் குடுத்துக்கிறேன்."

ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் தூக்கம், யாரும் எழுப்பக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை சிறுமி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "நானே கதவுல காவல் நின்னேன் டீச்சர்! நல்லாத் தூங்கினாங்க. எழுந்ததும், துணியெல்லாம் துவைக்காம கிடக்குன்னு என்னைத் திட்டினாங்க. அப்புறம் சிரிச்சாங்க."